வீட்டு மரமும் வீழ்ந்த சருகும்

(மகாவீரர் ஜெயந்தி விழாவில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 

கொல்லாமை என்னும் பொருள்பற்றிப் பேசுமாறு விழாக் குழுவினர் என்னைப் பணித்தனர். அப்பெரும்பொருளை முழுதும் விரித்துரைக்க வல்ல பெரியோர் பலர் இவ்வவையில் உள்ளனர். 32 ஆண்டுகள் தமிழ் கற்பித்து ஓய்வு பெற்ற எனக்கோ, இப்போது காலைப் பொழுதெல்லாம் வீட்டுத் தோட்டத்தில் கழிகின்றது. ஆகவே நம் அறத்தை நம் வீட்டுப் புழக்கடை வரை அழைத்துச் சென்று, அங்கு நிற்கும் மரத்தையும் அதன் அடியில் கிடக்கும் சருகையும் பற்றிச் சில சொல்ல விரும்புகின்றேன்.

நம் மண்ணில் இலை உதிரும் காலம்

பள்ளிப் பாடநூல்களில் இலையுதிர் காலம் என்றொரு பருவத்தைப் படிக்கின்றோம். அது குளிர்நாடுகளின் பருவம். அங்கே செப்டம்பர் முதல் நவம்பர் வரை மரங்கள் நிறம் மாறி, கடும்பனி வருமுன் வெறுங்கிளையாகிவிடும். நம் முன்னோர் ஆண்டைக் கார், கூதிர், முன்பனி, பின்பனி, இளவேனில், முதுவேனில் என ஆறு பெரும்பொழுதுகளாகப் பகுத்தனர். இவற்றுள் இலை உதிர்தலைப் பெயராகக் கொண்ட பருவம் ஒன்றுமில்லை. குளிர்நாட்டு மரங்கள் இலை உதிர்க்கும் ஐப்பசி, கார்த்திகைத் திங்களில் நம் மரங்கள் வடகிழக்குப் பருவமழையை உண்டு தழைத்து நிற்கின்றன. அவற்றுள் பல இலை உதிர்ப்பது மாசி, பங்குனியாகிய பின்பனிக் காலத்தில்.

காரணம் எளிது. தைக்குப் பிறகு மழை அரிது. நிலத்தின் ஈரம் நாளுக்கு நாள் கீழே இறங்குகின்றது. இலைகளோ தம் நுண்துளைகள் வழியே நீரை ஆவியாக்கிக்கொண்டே இருக்கின்றன. வரவு குறைந்த காலத்தில் செலவைச் சுருக்கும் நல்ல குடும்பத் தலைவியைப் போல, மரம் தன் இலைகளைக் களைகின்றது. வேம்பும் புங்கும் இவ்வாறு உதிர்த்துச் சில வாரங்களிலேயே மீண்டும் தளிர்க்கின்றன. சித்திரை முதல் நாளில் நாம் வேப்பம்பூவைத் தேடும்போது அம்மரம் புதுத்தழையும் பூவுமாக நிற்கக் காண்கின்றோம். பாதாம் மரம் என்று பலரும் அழைக்கும் நாட்டு வாதுமை, தன் அகன்ற இலைகளைச் சிவக்கச் செய்து உதிர்க்கின்றது. பெரும்பாலும் ஆண்டுக்கு இருமுறை அவ்வாறு செய்கின்றது. மாவும் பலாவும் ஒருசேர உதிர்ப்பதில்லை. ஆண்டு முழுதும் சிறிது சிறிதாக உதிர்க்கின்றன. எனவே மரமுள்ள வீட்டில் துடைப்பத்திற்கு ஓய்வில்லை என்பது உண்மையே.

ஓர் இலை எவ்வாறு உதிர்கின்றது என்பதை அறிந்தால் அதன்மேல் நமக்கு மதிப்புப் பிறக்கும். இலையைக் கைவிடுமுன், அதிலுள்ள தழைச்சத்திலும் மணிச்சத்திலும் ஏறத்தாழப் பாதியை மரம் திரும்ப வாங்கிக்கொள்கின்றது. பச்சையம் சிதைந்து, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் நிறம் வெளிப்படுகின்றது. பிறகு காம்பும் கிளையும் கூடுமிடத்தில் ஒரு மெல்லிய படலம் உருவாகின்றது. கிளையின் பக்கம் தோல்போல் மூடிக்கொள்ள, இலை சிறு காற்றில் பிரிந்து விழுகின்றது. அதனால் மரத்திற்குப் புண் உண்டாவதில்லை. நாம் ஒடிக்கும் பச்சையிலைக்கும் தானே உதிரும் பழுப்பிலைக்கும் உள்ள வேறுபாடு இதுவே.

குப்பை என்னும் சொல்

இலையின் பருவங்களுக்குத் தமிழில் தனித்தனிச் சொற்கள் உண்டு. கொழுந்து, தளிர், இலை, பழுப்பு, சருகு என அவை வளரும். சருகுக்கு அடுத்ததாக இன்று நாம் குப்பை என்னும் சொல்லைச் சேர்த்துவிட்டோம். அச்சொல்லின் வரலாறு சிந்தித்தற்குரியது. பழந்தமிழில் குப்பை என்பதற்குக் குவியல் என்று பொருள். நெற்குவியலும் குப்பைதான், உமணர் குவித்த உப்பும் குப்பைதான். நம் பக்கத்து உழவர் இன்றும் 'வயலுக்குக் குப்பை அடித்தோம்' என்று சொன்னால், எருவைக் கொண்டு சேர்த்தோம் என்பதே கருத்து. குவியலைக் குறித்து, பின் எருவைக் குறித்த சொல், இப்போது கழிவைக் குறிக்கின்றது. சொல் திரிந்தபோது நம் நோக்கும் உடன் திரிந்தது. எருவென்று வயலுக்குச் சென்ற பொருள் இன்று கழிவென்று தீக்குச் செல்கின்றது.

வேளாண் வழக்கிலுள்ள வேறு மூன்று சொற்களையும் நினைவூட்டுகின்றேன். நைட்ரஜனைத் தழைச்சத்து என்றும், பாஸ்பரஸை மணிச்சத்து என்றும், பொட்டாஷைச் சாம்பல் சத்து என்றும் நாம் வழங்குகின்றோம். சருகை எரித்தால் எது எஞ்சும், எது போகும் என்பதை இச்சொற்களே உணர்த்திவிடுகின்றன. எஞ்சுவது சாம்பல், அதில் சாம்பல் சத்தும் சுண்ணச் சத்தும் உண்டு. தழைச்சத்தின் பெரும்பகுதி புகையோடு போய்விடுகின்றது. பின்னர் அதே மரம் வெளிறி நிற்கின்றதே என்று கடையில் யூரியா வாங்கி இடுகின்றோம். யூரியா தருவதும் தழைச்சத்தே. வீடு தேடி வந்ததை எரித்துவிட்டு, அதையே விலை கொடுத்து வாங்கும் வாணிகம் இது.

அறுவர் கதையும் நம் தெருவும்

இலேசியைகளை விளக்க நம் பெரியோர் சொல்லும் கதையைப் பிள்ளைகள் கேட்டிருப்பார்கள். பசித்த அறுவர் கனி நிறைந்த ஒரு மரத்தைக் கண்டனர். முதல்வன் அதை வேரோடு சாய்க்க எண்ணினான். இரண்டாமவன் அடிமரத்தை வெட்ட எண்ணினான். மூன்றாமவன் பெருங்கிளையையும், நான்காமவன் சிறுகிளையையும் வெட்டினால் போதும் என்றனர். ஐந்தாமவன் கனிகளை மட்டும் பறிப்போம் என்றான். ஆறாமவனோ, தாமே உதிர்ந்து கிடக்கும் கனிகள் நம் பசிக்குப் போதும் என்றான். அறுவர்க்கும் பசி ஒன்றே, மரமும் ஒன்றே. உள்ளத்தின் நிறம் மட்டும் கருமை முதல் வெண்மை வரை வேறுபட்டது.

இக்கதையை வகுப்பறையில் பலமுறை சொல்லியிருக்கின்றேன். அண்மைக் காலமாக அதனை நினைக்குந்தோறும் ஓர் எண்ணம் எழுகின்றது. ஆறாமவன் உதிர்ந்ததைக் கண்டு மகிழ்ந்தான். நாம் உதிர்ந்ததைக் கண்டு சினக்கின்றோம். உதிர்கின்றது என்பதையே மரத்தின் குற்றமாகச் சாட்டி, முதல்வனின் கோடரியைக் கையில் எடுக்கின்றோம்.

இது மிகைக்கூற்று அன்று. உங்கள் தெருவில் இருபது ஆண்டுகளுக்கு முன் நின்ற மரங்களை எண்ணிப் பாருங்கள். இன்று நிற்பவற்றையும் எண்ணுங்கள். வெட்டுண்டவை எல்லாம் வீடு கட்டுவதற்காக வெட்டுண்டவை அல்ல. 'வாசலெல்லாம் இலை, பெருக்கி மாளவில்லை' என்பதற்காக ஒரு வேம்பு போயிற்று. 'உங்கள் வீட்டு மரத்தின் சருகு எங்கள் மாடியில் விழுகின்றது' என்று அண்டை வீட்டார் குறைப்பட்டதற்காக ஒரு வாதுமை போயிற்று. முற்றத்தில் சிமெண்டுத் தளம் போட்டபின், அது கறைபடுகின்றது என்பதற்காக ஒரு நாவல் போயிற்று.

வெட்டியவர்களைப் பழிப்பது என் நோக்கமன்று. பிள்ளைகள் சென்னையிலும் பெங்களூரிலும் பணியிலிருக்க, எழுபது வயதுத் தாய் மூட்டுவலியோடு நாள்தோறும் குனிந்து பெருக்குகின்றார். 'என்னால் முடியவில்லை அப்பா, மரத்தை எடுத்துவிடு' என்று அவர் சொன்னால் அதில் நியாயம் இருக்கின்றது. மரத்தைக் காக்க வேண்டுமெனில் அம்முதுகையும் நாம் காக்க வேண்டும். சருகை எங்கே சேர்ப்பது, யார் சேர்ப்பது என்னும் இரண்டு கேள்விகளுக்கு விடை கண்டுவிட்டால் பல மரங்கள் பிழைக்கும் என்று நம்புகின்றேன்.

சருகுக்குள் வாழும் உயிர்கள்

ஒரு சருகுக் குவியலைக் கிளறாமல் சிறிது நேரம் அருகமர்ந்து பாருங்கள். தொல்காப்பிய மரபியல் புல்லையும் மரத்தையும் ஓரறிவுயிராக வகுத்தது. நம் ஆகமங்களும் அவற்றை ஓரறிவுயிர் என்றே கூறுகின்றன. அம்மரம் உதிர்த்த சருகுக்கடியில் ஈரறிவுடைய மண்புழு உண்டு. மூவறிவுடைய எறும்பு உண்டு. நாலறிவுடைய வண்டு உண்டு. ஐயறிவுடைய அரணையும் தேரையும் கூட உண்டு. ஒருகை அளவு சருகில் நாம் பாடத்தில் படித்த உயிர்வகை அத்தனையும் குடியிருக்கின்றன.

பல வீடுகளில் மாலையில் சருகைக் கூட்டிக் குவித்துவிட்டு, மறுநாள் விடியற்காலையில் தீ வைக்கின்றனர். இரவெல்லாம் அக்குவியல் வெதுவெதுப்பான இடமாக இருப்பதால் சிற்றுயிர்கள் அதனுள் வந்து ஒதுங்குகின்றன. நம்மை அறியாமலே நாம் அவற்றுக்கு ஒரு வீடு கட்டித் தந்து, அவ்வீட்டிற்குத் தீ வைக்கின்றோம். தீயிடுபவர் உள்ளத்தில் கொல்லும் எண்ணம் சிறிதுமில்லை. அதனை நான் அறிவேன். ஆயினும் எண்ணமின்மை மட்டும் போதுமா? சாவக ஒழுக்க நூல்கள் குணவிரதங்களுள் ஒன்றாக அனர்த்த தண்ட விரதத்தை வைத்தன. பயனின்றிச் செய்யும் தீங்கினின்று விலகுதல் அது. தமிழில் அருங்கலச்செப்பும் இவ்விரதத்தை உரைக்கின்றது. கருத்தின்றி நிலத்தைத் தோண்டல், நீரை வீணே சிந்தல், தேவையின்றித் தீ மூட்டல், மரஞ்செடிகளை அறுத்தல் ஆகியவற்றை நம் ஆசிரியர்கள் இவ்விரதத்திற்கு மாறான செயல்களாகக் கொண்டனர். சோறாக்கத் தீ மூட்டுகின்றோம், அதற்குப் பயனுண்டு. சருகை எரிக்கும் தீயால் யாருக்கு என்ன பயன்?

தீங்கோ பலர்க்கும் உண்டு. பனியில் நனைந்த சருகு நன்கு எரிவதில்லை, புகைந்துகொண்டே இருக்கும். காற்றசைவில்லாத காலை வேளையில் அப்புகை மேலெழாமல் தெருவிலேயே தங்கும். ஈளை நோயுள்ள முதியோரும், பள்ளிக்குப் புறப்படும் குழந்தைகளும் அதையே சுவாசிக்கின்றனர். சருகோடு பால் உறையும் பிளாஸ்டிக் பையும் சேர்ந்து எரிந்தால் அது நஞ்சே. சட்டமும் இதனைத் தடுக்கின்றது. 2016ஆம் ஆண்டின் திடக்கழிவு மேலாண்மை விதிகள், கழிவைத் தெருவிலும் பொதுவிடத்திலும் எரிக்கலாகாது என்றன. அவ்வாண்டு டிசம்பரில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம், திறந்தவெளியில் கழிவை எரிப்போர் 5,000 ரூபாயும், பெருமளவில் எரிப்போர் 25,000 ரூபாயும் செலுத்த வேண்டும் என்று ஆணையிட்டது. நமக்கு அபராதத்தின் அச்சம் தேவையில்லை. அறத்தின் அச்சமே போதும்.

ஓர் ஐயமும் விடையும்

அன்பர் ஒருவர் என்னிடம் கேட்டார்: 'ஐயா, எரித்தால் உயிர்கள் சாகின்றன என்கிறீர்கள். மட்க வைத்தாலோ அதில் ஆயிரம் உயிர்கள் தோன்றி மடிகின்றனவே! அதுவும் இம்சைதானே?' நம்மவர்க்கே தோன்றக்கூடிய நல்ல கேள்வி இது. எளிதாகத் தள்ளிவிடத் தக்கதன்று.

நம் நூல்கள் இம்சையை நால்வகையாகப் பகுக்கின்றன. எண்ணித் துணிந்து செய்வது சங்கற்ப இம்சை. இல்வாழ்க்கைச் செயல்களில் நேர்வது ஆரம்ப இம்சை. தொழிலில் நேர்வது உத்தியோக இம்சை. தற்காப்பில் நேர்வது விரோத இம்சை. இல்லறத்தார் முதலாவதை அறவே விட வேண்டும். ஏனையவற்றை இயன்றவரை குறைக்க வேண்டும். சருகு மண்ணில் மட்குதல் நாம் இல்லாவிட்டாலும் நிகழ்வது. காட்டில் யாரும் பெருக்குவதில்லை, யாரும் எரிப்பதில்லை. அங்குத் தோன்றும் உயிர்கள் தம் வினைக்கேற்பத் தோன்றி மறைகின்றன. அவ்வியல்பான செயலில் நாம் குறுக்கிடாமல் இருத்தலே நம் பங்கு.

இதிலும் ஒரு நுட்பம் உண்டு. விரைவில் உரம் வேண்டுமென்று சருகோடு பச்சைத்தழையும் சாணமும் சமையற் கழிவும் கலந்து பெருங்குவியலாக்குவர். அவ்வாறு செய்தால் குவியலின் நடுவே வெப்பம் 60 பாகை செல்சியசு வரை உயரக்கூடும். இரண்டு மூன்று திங்களில் உரம் கிடைக்கும். ஆனால் அவ்வெப்பத்தில் அகப்பட்ட சிற்றுயிர்களுக்கு அது உலைக்களம். அடிக்கடி மண்வெட்டியால் புரட்டுவதும் அப்படியே. எனவே நம் வீடுகளுக்கு ஏற்றது மெதுவான, குளிர்ந்த முறை. சருகை மட்டும் மெல்லிய படுகையாகப் பரப்பி, புரட்டாமல், மேன்மேலும் இட்டு வருதல். ஆறு திங்களோ ஓராண்டோ ஆகட்டும், மரத்திற்கு அவசரமில்லை.

செய்யும் முறை

மரத்தின் உணவை உறிஞ்சும் நுண்வேர்கள் அடிமரத்தை ஒட்டி இல்லை. கிளைகளின் நிழல் விழும் எல்லையை ஒட்டியும் அதற்கு அப்பாலும், பெரும்பாலும் மேல்மண்ணிலேயே அவை பரவியிருக்கின்றன. ஆகவே அடிமரத்தைச் சுற்றி ஒரு முழம் வெறுமையாக விட்டு, அதற்கு வெளியே நிழல் எல்லை வரை வட்டமாகச் சருகைப் பரப்புங்கள். அடிமரத்தோடு சருகு ஒட்டியிருந்தால் பட்டை ஈரத்தில் அழுகும். ஒரு சாண் உயரம் பரப்பினால் அது சில வாரங்களில் நான்கு விரற்கிடையாக அமிழ்ந்துவிடும்; அதன்மேல் மறுபடி இடலாம். காற்றில் பறவாதிருக்க, தேங்காய் மட்டைகளையோ பழைய செங்கற்களையோ வட்டத்தின் ஓரமாக அடுக்குங்கள். அரிசி களைந்த நீரை அதன்மேல் தெளிக்கலாம். இதனை உழவர் மூடாக்கு என்பர். மூடாக்கிட்ட மண் கோடையில் சூடேறாது. ஈரம் நெடுநாள் நிற்கும். சித்திரை வெயிலில் நாள்தோறும் ஊற்றிய நீரை இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை ஊற்றினால் போதும்.

இதனால் பெருக்கும் வேலையும் குறையும். மரத்தடியில் விழுந்த இலை விழுந்த இடத்திலேயே இருக்கட்டும். நடக்கும் வழியையும் வாசலையும் மட்டும் பெருக்கி, அச்சருகை வட்டத்திற்குள் தள்ளினால் போதும். குனியாமல் பெருக்க நீண்ட கோல் கட்டிய துடைப்பம் கிடைக்கின்றது. முதியோருக்கு அதை வாங்கித் தாருங்கள். பொழுது நன்கு புலர்ந்தபின், கண்ணுக்குச் சிற்றுயிர் தெரியும் வெளிச்சத்தில் மெல்லப் பெருக்குங்கள். நம் முனிவர்கள் மயிற்பீலியால் இடத்தை வருடிவிட்டு அமர்வதைக் கண்டிருக்கின்றோம். அக்கருத்தின் சிறுதுளியாவது நம் துடைப்பத்திலும் இருக்கட்டும்.

மண் இல்லாத மாடி வீட்டினர், கோணிப்பையிலோ காற்றோட்டத்திற்குத் துளையிட்ட பழைய சாக்கிலோ சருகை நிரப்பி, நீர் தெளித்து, நிழலில் வைக்கலாம். ஓராண்டில் அது கருநிறமாகி, பூந்தொட்டிக்கு ஏற்ற மட்காகச் சுருங்கியிருக்கும். உலர்ந்த வேப்பிலையை அரிசிப் பானையிலும் பருப்புக் கலத்திலும் இட்டு வைப்பது நம் பாட்டிமார் வழக்கம். வண்டு வந்தபின் கொல்வதைவிட, வாராமல் காப்பது எவ்வளவு நயமான அறம்!

பாம்பு வரும், கறையான் வரும் என்று அஞ்சுவோர் உண்டு, அவ்வச்சம் பொருளற்றதன்று. எனவே சருகு வட்டம் வீட்டுச் சுவரிலிருந்து ஆறடியேனும் தள்ளியிருக்கட்டும். முழங்கால் அளவு குவிக்க வேண்டா. சோறும் சமையற் கழிவும் அதில் இடாதீர்; அவற்றைத் தேடி எலி வரும், எலியைத் தேடிப் பாம்பு வரும். இருளில் விளக்கின்றி மரத்தடிக்குச் செல்லாதீர். சருகுக்குள் வெறுங்கையை விடாதீர். புரட்டாசி முடிவதற்குள் மாடியிலும் மழைநீர்க் குழாயிலும் தங்கிய சருகை அகற்றிவிடுங்கள். வாதுமை போன்ற அகன்ற இலைகள் நீரைத் தேக்கிக் கொசுவுக்கு இடங்கொடுக்கும்.

கிளையைத் தொடுமுன்

மரத்தை வளர்ப்பவர் சில வேளை கிளையை அகற்றவும் வேண்டியிருக்கும். பட்டுப்போன கிளையும், மின்கம்பியைத் தொடும் கிளையும் மனிதர்க்குத் தீங்கு செய்யும். மா மரத்தை அறுவடை முடிந்தபின், ஆடி ஆவணியில் கவாத்து செய்வர். வடகிழக்குப் பருவமழைக்கு முன் பட்ட கிளைகளை நீக்குவதும் நன்று. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னை நகரம் எத்தனை மரங்களை இழந்தது என்பதை நாம் கண்டோம். வேர் பரவ இடமின்றிச் சுற்றிலும் சிமெண்டால் இறுக்கப்பட்ட மரம் புயலை எங்ஙனம் தாங்கும்? முற்றத்திற்குத் தளம் இடுவோர் மரத்தைச் சுற்றி மூன்றடியேனும் மண்ணாக விடுங்கள்.

கிளையை வெட்டுமுன் மூன்றைக் கவனியுங்கள். முதலாவது, அதில் கூடு உண்டா, முட்டை உண்டா, அணில் குட்டி உண்டா என்று பார்த்தல். இருப்பின், குஞ்சு பறக்கும் வரை பொறுத்தல். இரண்டாவது, கனத்த கிளையாயின் முதலில் அடிப்பக்கத்தில் சிறிது அறுத்துவிட்டுப் பின் மேலிருந்து அறுத்தல். இல்லையேல் கிளை முறிந்து விழும்போது அடிமரத்தின் பட்டையையும் உரித்துக்கொண்டு போகும். மூன்றாவது, கிளை அடிமரத்தோடு சேருமிடத்தில் கழுத்துப்போல் புடைத்திருக்கும் பகுதியை விட்டு அறுத்தல். புண் மூடி வளரும் ஆற்றல் அங்கேதான் உள்ளது. விளம்பரப் பலகைக்கும் துணி உலர்த்தும் கயிற்றுக்கும் மரத்தில் ஆணி அடிப்பதை அறவே விடுங்கள்.

முருங்கையில் கம்பளிப்பூச்சி வரும் காலம் நம் அறத்திற்குத் தேர்வுக் காலம். பந்தம் கொளுத்தி அவற்றைக் கூட்டமாகச் சுடும் வழக்கம் ஊரில் உண்டு. நம் வீடுகளிலும் சிலவற்றில் புகுந்துவிட்டது. அடிமரத்தில் அடையாகத் திரண்டிருக்கும் பூச்சிகளை நீண்ட கோலில் கட்டிய துணியால் மெல்லத் தள்ளிப் பழைய முறத்தில் ஏந்தி, ஊருக்குப் புறத்தேயுள்ள புதரில் விடலாம். அப்போது கையும் உடலும் மூடியிருக்க வேண்டும். அதுவும் இயலாதெனில், சில நாள் பிள்ளைகளை அம்மரத்தடிக்கு விடாமல் பார்த்துக்கொண்டால் போதும். பூச்சிகள் கூட்டுப்புழுவாகி ஒடுங்கிவிடும். இலையிழந்த முருங்கை மீண்டும் தளிர்க்கும். சில நாள் கீரை இல்லாமையை நாம் பொறுக்க முடியாதா?

கோயில் மரமும் நம் வேண்டுகோளும்

மரத்தைப் போற்றுதல் நமக்குப் புதிதன்று. ஒவ்வொரு தீர்த்தங்கரரும் ஒரு மரத்தின் நிழலில் முற்றறிவு பெற்றதாக நம் மரபு கூறுகின்றது. ஆதிநாதர்க்கு ஆல், மகாவீரர்க்குச் சாலம். அருகன் எழுந்தருளும் இடத்தின் எண்வகைச் சிறப்புகளுள் பிண்டி எனப்படும் அசோக மரமும் ஒன்று. நெட்டையாக வளரும் நெட்டிலிங்கத்தையே பலர் அசோகு என்று கருதி நடுகின்றனர்; பிண்டி என்பது செந்நிறப் பூங்கொத்துகளைத் தாங்கும் வேறு மரம். பொன்னூர் மலையில் ஆசாரிய குந்தகுந்தரின் திருவடிகளைத் தொழச் செல்வோர் அங்குள்ள செண்பக மரத்தையும் தொழுகின்றனர். திருப்பருத்திக்குன்றத்துத் திருக்கோயிலில் குரா மரம் போற்றிக் காக்கப்படுகின்றது. அம்மரங்களும் இலை உதிர்க்கின்றன. அவற்றை நாம் குறை சொல்வதில்லை. நம் வீட்டு வேம்புக்கு மட்டும் வேறு நீதி ஏன்?

முடிவாக மூன்று வேண்டுகோள்கள். அறக்கட்டளையின் பொறுப்பாளர்கள் நம் ஜினாலய வளாகங்களில் சருகு எரிப்பதை இன்றோடு நிறுத்தி, மதிலோரத்தில் ஒரு சருகுப் படுகை அமைத்துத் தர வேண்டும். கோயிலில் கண்டதை மக்கள் வீட்டில் செய்வர். இளைஞர்கள் தத்தம் தெருவில் தனித்து வாழும் முதியோர் வீடுகளைக் கணக்கெடுத்து, மாசி முதல் சித்திரை வரை வாரம் ஒருநாள் அவ்வீட்டுச் சருகை மரத்தடியில் சேர்த்துத் தர வேண்டும். அத்தாயின் முதுகும் தப்பும், அவர் வீட்டு மரமும் தப்பும். இங்குள்ள ஒவ்வொரு குடும்பமும், வருகின்ற அட்சய திருதியைக்குள் தம் வீட்டு மரம் ஒன்றின் அடியில் ஒரு வட்டம் அமைத்துவிட வேண்டும். இன்னும் ஏறத்தாழ மூன்று வாரங்கள் உள்ளன. ஒரு காலைப்பொழுதின் வேலைதான்.

மரத்தடி ஒவ்வொன்றும் சருகால் மூடப்படுக. சருகடியில் வாழும் உயிர்கள் அச்சமின்றி வாழ்க. அறம் வளர்க.